டெல்மரின் தாளில் ஓபலின் குண்டுகள்

அந்த அக்டோபர் சனிக்கிழமை காலையில் ஓபல் டீக் சுட்ட ஐந்து குண்டுகளும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஐம்பது கஜத்துக்கு அப்பால் நீளப் பலகையில் வரிசையாகத் தாள்கள் குத்தியிருந்தார்கள். அவளுடைய தாள் மட்டும் கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது.

டென்னசி மலையில் ஹிக்கரி மேட்டுத் துப்பாக்கி மன்றத்தில் விஷயம் பரவ ஒரு நிமிடம் போதும். ஒலிபெருக்கி, போட்டியை அறிவிக்கிற ராய்ஸின் கையில் இருந்தால் அதுகூடத் தேவையில்லை.

"மக்களே! ஓபல் தாள்ல ஒரு ஓட்டைகூட இல்ல. அந்தப் பக்கத்து அணிலுங்க எல்லாம் பத்திரமா இருக்கான்னு யாராச்சும் பாத்துச் சொல்லுங்கப்பா!"

"ராய்ஸ்! இப்ப நீ ஈன்னு காட்டற பல்லு நான் செஞ்சது. பிடுங்கிட்டுப் போயிடுவேன்!" என்று ஓபல் கத்தினாள்.

பொய்யில்லை. நகரத்துப் பல் கூடத்தில் இருபத்தாறு வருடமாகப் பொய்ப்பல் செய்பவள் அவள். மயிரிழைக் கணக்கில் அரம் போடுகிற கை. அந்தக் கையை நம்பித்தான் போன குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்தத் துப்பாக்கியைச் செய்தாள். எட்டுப்பட்டைக் குழலும் சக்கிமுக்கிப் பொறியும் மட்டும் விலைக்கு வாங்கியவை. மேப்பிள் கட்டையைச் செதுக்கியது, பித்தளை வார்த்தது, குழலின் நுனியில் காடிப் பள்ளம் வெட்டி, குறிபார்க்க உதவும் முன்குறியைச் செருகியது எல்லாம் அவள் வேலை. அது இன்று முதல் முறையாக ஊர் பார்க்கச் சுட்டது. சுட்டது என்னவோ உண்மை. பட்டதுதான் தெரியவில்லை.

இதற்குள் பக்கத்தில் பெரிய கூச்சல். அவளுக்கு இடப்புறம் நின்று சுட்ட டெல்மரின் தாளில், நட்ட நடுவில், ஒரு காசு வைத்தால் மறைந்துவிடுகிற இடத்தில் ஐந்து ஓட்டைகள்! டெல்மர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாக இந்த மன்றத்தில் சுடுகிறார். ஒரு ஊறுகாய்ப் புட்டிகூடப் பரிசாக வாங்கியதில்லை. அவரை நான்கு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். "நானா? நானேவா?" என்று அவர் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கீழே இறக்கியதும் யாரோ அவர் கையில் பொரித்த ஆப்பிள் பணியாரம் ஒன்றைத் திணித்தார்கள்.

சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கொடி ஏறியதும் ஓபல் தன் வெள்ளைத் தாளைக் கழற்றி வரப் போனாள். போனவள் ஒரு சாண் தள்ளியிருந்த டெல்மரின் தாளை உற்றுப் பார்த்தாள். ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கூச்சலில் யாரும் கவனிக்காத பெரிய ஓட்டைகள். எண்ணினால் சரியாக ஐந்து. டெல்மரின் துப்பாக்கிக் குண்டு பெரிது. நடுவில் இருந்தவையோ சின்னவை. பையிலிருந்து தன் ஈயக்குண்டு ஒன்றை எடுத்து நடு ஓட்டையில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரத்து ஓட்டையில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது.

பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. நாத்தனார் வெர்னெல் பதறி ஓடிவந்தாள்.

"என்ன அண்ணி, இதுக்குப் போய் அழறீங்களா?"

"அழலடி... இங்க பாரு... இதெல்லாம் என்னுதுடி!"

வெர்னெல் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"கை நடுங்கியிருந்தா ஊரெல்லாம் சிதறியிருக்கும்," என்றாள் ஓபல், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இது அஞ்சும் ஒரே கூட்டுல. அப்ப என் கண்ணும் சரி, கையும் சரி. துப்பாக்கிதான் பக்கத்து வீட்டுக்காரரைப் பாத்துக் கண்ணடிக்குது!"

இருவரும் வண்டியின் பின்தட்டைத் திறந்து, போர்வைகளுக்கு நடுவே துப்பாக்கியைக் கிடத்தினார்கள். குழலின் மேல்பட்டையில் ரசமட்டம் வைத்துச் சமமாக்கினார்கள். மீன்பிடி நூலில் ஈயம் கட்டி, முன்குறிக்கு நேர் எதிரே தொங்கவிட்டார்கள். ஓபல் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். நூல் நேராக நிற்க, முன்குறி வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்து, தலையையும் அந்தப் பக்கமே சாய்த்திருந்தது.

"குடிச்சிட்டு நிக்கற மாதிரி நிக்குது," என்றாள் வெர்னெல். "காடி வெட்டறப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வானொலியில பந்தாட்டம் கேட்டேன். கடைசி நிமிஷத்துல நம்ம பசங்க ஜெயிச்சாங்க. துள்ளிட்டேன் போல."

"சரி, குண்டு இடப்பக்கம் போகுது. வலப்பக்கம் வரணும். முன்குறியை வலப்பக்கம் தட்டுங்க."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பித்தளைத் துண்டை வைத்துச் சின்னச் சுத்தியலால் வலப்பக்கம் தட்டிவிட்டுப் போய் ஒரு குண்டு சுட்டாள் ஓபல். புகை கலைவதற்குள் ஒலிபெருக்கி அலறியது.

"யாருப்பா அது? என் தாள்ல ஓட்டை! நான் இன்னும் துப்பாக்கியில மருந்தே போடலையே!"

ராய்ஸின் தாள் டெல்மருக்கும் அடுத்தது. வெர்னெல் வண்டிக்கடியில் ஒளிந்துகொண்டாள்.

ஓபல் கட்டைவிரலை முன்னால் நீட்டி, முன்குறி என்று வைத்துக்கொண்டு யோசித்தாள். அது வலப்பக்கம் நகர்ந்திருந்தால், கண்ணுக்குப் பக்கத்திலுள்ள பின்குறியின் பிளவுக்குள் அதைக் கொண்டுவரக் குழலையே இடப்பக்கம் திருப்ப வேண்டும். அப்புறம் குண்டு வேறெங்கே போகும்? "அடியே, தலைகீழா பண்ணிட்டோம்! குண்டு ஓடற பக்கமேதான் இதையும் விரட்டணும்!"

வெர்னெல் குடித்து முடித்த சோடா டப்பாவை ஓபல் கத்தரித்து, நகக்கண் அளவுக்கு ஒரு தகடு எடுத்தாள். முன்குறியைக் கழற்றி, காடியின் தாழ்ந்த பக்கத்தில் தகட்டைப் போட்டு மறுபடி செருகினாள். சாய்வு நிமிர்ந்தது. பிறகு இடப்பக்கமாக ஒரு தட்டு, ஒரு பார்வை, இன்னொரு தட்டு. நூலும் முன்குறியும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

தலை நிமிர்ந்தால் எதிரே டெல்மர். கையில் மூன்றாவது பணியாரம்.

"ஓபல்... ராய்ஸ் தாள்ல ஓட்டை விழுந்ததுலேருந்து எனக்கு ஒரு சந்தேகம். காலையில என் தாள்ல பட்டது..."

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். டெல்மர் பணியாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னும் அரை மணி நேரம் யார்கிட்டயும் சொல்லாதம்மா. அந்த மேசையில பூசணி பணியாரமும் இருக்கு!"

சொன்னபடி அரை மணி நேரம் கழித்து அவரே ராய்ஸிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார். "காலையில என் தாள்ல நடுவுல பட்ட அஞ்சும் ஓபல் சுட்டது. என்னைத் தூக்கின நாலு பேரும் இப்ப ஓபலைத் தூக்குங்கப்பா. எனக்குக் கூச்சமா இருக்கு!" மைதானமே கைதட்டிச் சிரித்தது. அவளைத் தூக்கியும்விட்டார்கள்.

பிற்பகல் போட்டியில் ஓபலின் ஐந்து குண்டுகளும் அவளுடைய தாளிலேயே, நடு வட்டத்திலேயே பட்டன. அடுத்த மலையிலிருந்து வந்த ஒருத்தி நூலளவில் முந்திக்கொண்டாள். இரண்டாம் பரிசாக ஒரு கூடை சர்க்கரைவள்ளி. ஓபல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க வரிசை நின்றிருந்தது. ராய்ஸ் சுட்டான், நடுவில் பட்டது. பேர் தெரியாத யாரோ சுட்டார், நடுவில் பட்டது. டெல்மர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விசையை இழுத்தார், அவருக்கு மட்டும் எங்கேயும் படவில்லை.

"கண்ணைத் திறங்க சார்!" என்று ஓபல் வெடிமருந்து நிரப்பிய கொம்பை அவர் கையில் திணித்தாள். "இன்னொண்ணு போடுங்க!"