பதினொரு ‘நான்’கள்

காத்திருக்கும் அறையில் கத்தரி மூன்றாவது முறையாக நாற்காலி மாறி உட்கார்ந்தாள். முதல் நாற்காலிக்கு நேர் மேலே மின்விசிறி. இரண்டாவதற்கு எதிரே கண்ணாடி. மூன்றாவதில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு பதிப்பகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவள். எழுத்தாளர்களின் வரிகளை ஈவிரக்கமில்லாமல் நறுக்கியதால் அலுவலகம் சூட்டிய பெயர்தான் கத்தரி. போன மாதம் வயதாகிவிட்டதென்று விடை கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கோழித் தூக்கம்தான். ஒரே வீட்டுக்குள் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. வெளியூரில் இருக்கும் மகள், “தனியா எதுக்கும்மா? இங்க வந்து பேத்தியப் பாத்துக்க” என்று சாமான் ஏற்றச் சனிக்கிழமைக்கு லாரியே பேசிவிட்டாள். இன்று ஐந்து மணிக்குள் லாரிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“உள்ள வாங்கக்கா” என்றாள் மனநல ஆலோசகர். மகள் வயதுதான் இருக்கும். “என்ன வேணும்னு ஒரு பக்கம் எழுதச் சொன்னேனே?”

கத்தரி தாளை நீட்டினாள்.

“என்னக்கா இது, வெட்டுக்குத்து நடந்த மாதிரி இருக்கு?”

“பிழை பாத்தேன்.”

நீல மை வரிகளுக்கு நடுவே பதினொரு இடங்களில் சிவப்புக் கோடு. பதினொன்றும் ஒரே சொல்லின் மேல்தான் விழுந்திருந்தது.

“‘நான்’ எல்லாத்தையும் அடிச்சிருக்கீங்களே?”

“அது வேண்டாத சொல்லுங்க, டாக்டர். ‘வந்தேன்’னாலே வந்தது நான்தான்னு தெரியுதே. வினைமுற்றுலயே ஆள் உக்காந்திருக்கு. வாசல்ல வேற எதுக்கு ஒருத்தர நிறுத்தணும்?”

“நான் டாக்டர் இல்லக்கா, ஆலோசகர். அந்தப் பிழையயும் திருத்திடுங்க.”

கத்தரி சிரித்துவிட்டாள். உடனே பேனா மூடியைக் கழற்றவும் மாட்டவும் தொடங்கினாள்.

“சரி, மகள் வீட்டுக்குப் போறது?”

“நல்லதுதான்.”

“யாருக்கு?”

மூடி கீழே விழுந்து உருண்டது. அதைத் தேடுகிற சாக்கில் கத்தரி குனிந்துகொண்டாள். “பதிப்பகத்துலேந்து ஒரு மொழிபெயர்ப்பு நாவல் வந்திருக்கு” என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். “எழுநூறு பக்கம். முழுக்கப் பனி பெய்யுது. வீட்டுலயே வச்சு பாத்துத் தரச் சொல்றாங்க. போன தடவ மகள் வீட்டுல பத்து நாள் இருந்தும், கொண்டுபோன வேலைல ஒரு பக்கம் தாண்டல.”

செல்பேசி அலறியது. மணி நாலு நாற்பது. மகள்தான். ஆலோசகர், ‘பேசுங்கள்’ என்று கை காட்டினாள். கத்தரி ஜன்னல்வரை போனாள், கதவுவரை வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

“அம்மா, லாரிக்காரர் உயிர வாங்குறார். சரின்னு சொல்லிடவா?”

“வரல.”

“என்ன வரல? மெசேஜா? இப்பதானே அனுப்பினேன்!”

“அதில்ல. வரலன்னு சொல்றேன்.”

“லாரியா? அது சனிக்கிழமைதாம்மா வரும்!”

கத்தரி அப்படியே நின்றாள். ‘வருகிறேன்’ என்றால் அதற்குள் அவள் இருக்கிறாள். ‘வரவில்லை’ என்பதற்குள் யாருமே இல்லை. அது லாரியாக இருக்கலாம், தூக்கமாக இருக்கலாம். முப்பத்தொரு வருடம் இலக்கணம் பார்த்தவளுக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

“நான்” என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். “நான் வரல, கண்ணு.”

மறுமுனையில் பேத்தி எதையோ தட்டுகிற சத்தத்துக்கு மேல் மகளின் குரல் எழுந்தது.

“அப்ப நான் என்னம்மா பண்ணுவேன்?”

அந்த ‘நானை’யும் அடிக்க முடியவில்லை.

“எனக்குத் தெரியல. யோசிப்போம். மாசத்துல ஒரு வாரம் வந்து இருக்கேன். லாரி வேண்டாம்னு சொல்லிடு.”

“யாருக்கு வேண்டாம்னு சொல்ல?” மகளின் குரலில் முள் இருந்தது.

“எனக்கு.”

இணைப்பு அறுந்தது. கத்தரி உட்கார்ந்தாள், எழுந்தாள், தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அடித்த சொல் அப்படியே இருக்கட்டும் என்பதற்கு, பிழை திருத்துகிறவர்கள் அதன் அடியில் புள்ளி வைப்பார்கள். முதல் ‘நானு’க்கு வைத்தாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வைத்தாள்.

“மத்ததுக்கு?” என்றாள் ஆலோசகர்.

கத்தரி இன்னொரு முறை வாசித்துப் பார்த்தாள்.

“மத்த எட்டும் நிஜமாவே வேண்டாததுதான்” என்றாள்.