பித்தப்பைப் பாடத்தை யாரோ திறந்திருக்கிறார்கள்

பல்கலைக்கழக நூலகம் பரிந்துரைக்கும் இலவச இணையதளங்களில் ஒரு பாடத்தைத் திறந்தால், ஊருக்குள் அதை அறிந்த யாரோ ஒருவருடைய தலையிலிருந்து அது இறங்கி வரும். படித்து மூடியதும் அவரிடமே திரும்பிப் போய்விடும். காசு கட்டிப் படிக்கும் தளங்களுக்கு முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து வருகிறது. இது உள்ளூர்ச் சரக்கு, அதனால்தான் இலவசம். ஊர் இதற்கு எப்போதோ பழகிவிட்டது. தையல்காரர் ஜாக்கெட் துணியின் மேல் கத்தரியை வைத்தபடி திருதிருவென்று விழித்தால், துணி கொடுத்தவர் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பார். யாரோ படிக்கிறார்கள், முடிக்கட்டும். பேருந்து ஓட்டும் பாடத்தை மட்டும் வண்டிகள் நிலையத்தில் நிற்கும்போதுதான் திறக்கலாம் என்று நூலகம் விதி வைத்திருந்தது.

மற்றபடி ஒரே ஒரு கட்டுப்பாடுதான். படிப்பவரை இடையில் எழுப்பக் கூடாது. மனசு நிறையாமல் மூடினால் பாதிப் பாடம்தான் திரும்பிப் போகும், மீதி யாருக்கும் இல்லாமல் போய்விடும். அப்படி ஒரு மாணவனின் கம்ப்யூட்டரை யாரோ அவசரப்பட்டு அணைத்ததில், நால்ரோட்டு ஹோட்டலின் பரோட்டா மாஸ்டர் இன்றைக்கும் மாவை அழகாக வீசுகிறார், கல்லில் போடத்தான் தெரியவில்லை. முதலாளி பெருந்தன்மையானவர். அவரை வீசுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சுடுவதற்கு வேறு ஆள் போட்டுவிட்டார்.

ஆகவே, நர்ஸ் ஆபரேஷன் தியேட்டரின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "டாக்டரம்மா அப்படியே நின்னுட்டாங்கக்கா. பித்தப்பைப் பாடத்த யாரோ தொறந்திருக்காங்க" என்றபோது, கோகிலவாணிக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே மேசையில் கிடப்பவன் அவள் தம்பி பிரகதீஷ். வயிற்றைத் திறந்தாயிற்று.

"கையில புடிச்சிருக்கறது என்னன்னே தெரியலைங்கறாங்க. துணிய வெச்சு அமுக்கியிருக்கோம். ரத்தம் நிக்கல."

"வேற டாக்டர் யாரும் இல்லீங்களா?"

"ராஜாராம் சார் இருக்காரு. அவருக்கு எலும்புதான் தெரியும்." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "மயக்கத்தையும் ரொம்ப நேரம் இழுக்க முடியாதுங்கக்கா. நீங்க லைப்ரரிக்கு ஓடுங்க."

கோகிலவாணி ஓடினாள். சாலைக்கு அந்தப் பக்கம்தான் நூலகம் என்றாலும் சாலை அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. தாயும் தகப்பனும் போன பிறகு அவள் ஒருத்தியே வளர்த்த பையன். அவனுக்குப் பொரியலில் தேங்காய் கூடாது, ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், வேலைக்குப் போன முதல் மாதச் சம்பளத்தில் அவளுக்கு மிக்ஸி வாங்கித் தந்தான். அவன் இல்லாவிட்டால் இந்த உலகத்தில் தனக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

நூலகத்தில் ரெஜினா மேடம் இருந்தார். எந்தெந்தத் தளத்தைப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்பவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும், மெதுவாகப் பேசும்படி சைகை காட்டிவிட்டு, கம்ப்யூட்டர் ஹாலின் கோடி நாற்காலியைச் சுட்டினார்.

அங்கே வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், திரையில் வரிவரியாக விரலை ஓட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெயர் நாச்சிமுத்து. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஐயா, இது எங்க டாக்டரம்மாவோட பாடமுங்க. அங்க என் தம்பி வயித்தத் தொறந்தபடி கெடக்கறான்."

"அப்படீங்களா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "நானும் முடிக்கோணும்னுதான் பாக்கறேன் அம்மிணி. மனசுல ஏற மாட்டேங்குது. நாளைக்கு எனக்கும் அதே ஆபரேஷன், அதே டாக்டரம்மா. என்ன பண்ணுவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டாப் பயம் தெளியும்னு தொறந்தேன். படிக்கப் படிக்கப் பயந்தான் ஏறிக்கிட்டே போகுது."

"எந்த எடம் புரியலைங்க? சொல்லுங்க, நான் சொல்லித் தர்றேன்."

"இந்தக் குழாய அறுத்துப்போடறாங்களே, அப்புறம் அது சும்மா இருக்குமுங்களா?"

கோகிலவாணிக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆளுக்கும் இப்போது தெரியாது. செல்போன் அடித்தது. இரண்டாவது துணியும் நனைந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். பெரியவர் அடுத்த படத்துக்குப் போய், அதிலும் ஒரு கேள்வி கேட்டார். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. மேசைக்கு அடியில் இருந்த சுவிட்சின் மேல் கை போய்விட்டது.

"பாதி டாக்டர் போதும்னா அணைச்சுக்கங்க" என்றார் பின்னால் வந்து நின்ற ரெஜினா மேடம். குரலில் கோபம் இல்லை.

எந்தப் பாதி திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டத் தெரிந்து தைக்கத் தெரியாத பாதியாகக்கூட இருக்கலாம். கோகிலவாணி கையை எடுத்துக்கொண்டாள். சும்மா நிற்க முடியாமல், "நாளைக்கு உங்ககூட யாருங்க வர்றாங்க?" என்று கேட்டாள்.

"யாருமில்ல அம்மிணி. நானே போய் நானே படுத்துக்கோணும்." அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "உள்ள என்ன நடந்தாலும் வெளிய யாருக்கும் ஒண்ணுமில்ல பாருங்க. அதான்."

அவர் பயம் பித்தப்பையில் இல்லை என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அந்தப் பாடத்தை ஆயுசுக்கும் படித்தாலும் அவர் மனசு நிறையப் போவதில்லை.

"நான் வந்து உக்காந்துக்கறனுங்க."

"சொல்லுவீங்க. தம்பி பொழச்சு எந்திரிச்சா அவனப் பாக்கறதுக்கே உங்களுக்குப் பொழுது சரியா இருக்கும். தப்புச் சொல்லல அம்மிணி, அதுதான் ஞாயம்."

அவர் சொன்னது நிஜம். ரெஜினா மேடம் குனிந்து, பரிந்துரைப் பட்டியலை அடிவரைக்கும் இறக்கிக் காட்டினார். கடைசியில், யாரும் இதுவரை திறக்காத ஒரு பாடம் இருந்தது. அக்காவாக இருத்தல்.

"இதப் படிச்சா இவருக்கு மனசு ஆறும்" என்றார். "ஆனா, பக்கத்துல யாருகிட்ட நெறைய இருக்கோ அவங்ககிட்டருந்துதான் எறங்கும்."

"அவரு மூடுனா திரும்பி வந்துருமுங்களா?"

"மூடுனா வந்துரும்."

கோகிலவாணி தம்பியின் முகத்தை ஒருமுறை முழுசாக நினைத்துப் பார்த்துக்கொண்டாள். அழுவதற்கு நேரம் இல்லை. தானே மவுஸை வாங்கி அழுத்தினாள்.

பெரியவர் படிக்க ஆரம்பித்தார். முகம் மெல்லத் தெளிந்தது. சற்று நேரத்தில், "அட, இவ்வளவுதானுங்களா" என்று பித்தப்பைப் பாடத்தை மூடினார். மூடியதும் எழுந்தார். "பையன் கண்ணு முழிச்சா தேடுவானே" என்று பதறி, திறந்தே இருந்த அக்கா பாடத்தைத் தன் செல்போனுக்கு மாற்றிக்கொண்டார்.

கோகிலவாணிக்கு நெஞ்சுப் படபடப்பு நின்றிருந்தது. ஹாலில் காற்றாடி நன்றாக ஓடியது. பிரகதீஷ் என்று ஒருவன் இருப்பது அவளுக்குத் தெரியும். ரேஷன் கார்டில் தன் பெயருக்குக் கீழே அவன் பெயர் இருப்பதும் தெரியும். அவ்வளவுதான். இந்த வெயிலில் செருப்புகூட இல்லாமல் எதற்கு ஓடி வந்தோம் என்றுதான் புரியவில்லை.

"அம்மிணி, எனக்கு ஆபரேஷன் முடியற வரைக்கும் இது தொறந்தே இருக்கட்டுங்களா?" என்று பெரியவர் கேட்டார். "நாளைக்கு எனக்கு நானே வெளிய உக்காந்துக்குவேன்."

"தாராளமா வெச்சுக்கங்க" என்றாள்.

செல்போன் அடித்தது. டாக்டரம்மா தையல் போட்டு முடித்துவிட்டார், பையன் பிழைத்துக்கொண்டான் என்றாள் நர்ஸ். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு, அதைப் பெரியவரிடம் தெரிவித்தாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கால் தடுமாறியதால் துணைக்குச் சாலை வரைக்கும் போனாள், பிறகு ஆஸ்பத்திரி வரைக்கும், பிறகு வார்டு வரைக்கும்.

கட்டிலில் படுத்திருந்தவன் இளைஞன். வெளுத்துப் போயிருந்தான். கண்ணைத் திறந்து, இருவரையும் பார்த்து, பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, தண்ணி."

"இப்பக் குடிக்கக் கூடாது சாமி" என்றார் நாச்சிமுத்து. பஞ்சை நனைத்து அவன் உதட்டில் ஒற்றினார். "வலிக்குதா கண்ணு?"

"நீ அழுவாதக்கா."

பாசமான குடும்பம் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம் போலிருந்தது. ஆனால் நர்ஸ் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"ஒரு பேஷண்டுக்கு ஒரு அக்காதாங்க உள்ள இருக்கலாம்."

அது சரிதான் என்று அவளுக்குப் பட்டது. அவர்கள் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல், சத்தம் வராதபடி கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.