ஒரே மாத்திரை, இரண்டு பெட்டி

அரசுக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து கடிதம் வந்த நாள்முதல் என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மருந்துச் சீட்டைக் கையால் எழுதாமல், கணினி வழியாக நேரே மருந்துக்கடைக்கு அனுப்பும் டாக்டர்களுக்குக் கூடுதல் கட்டணம் தருவார்களாம். அனுப்பாதவர்களுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கட்டணத்தில் வெட்டாம். எனக்குக் கணினி என்றாலே எரிச்சல். நோயாளியின் முகத்தைப் பார்ப்பேனா, திரையைப் பார்ப்பேனா?

"நீ பாட்டுக்கு எழுது டாக்டரம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் கிளினிக்கின் முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர் அவர்தான். எதை, எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று இருந்துவிட்டேன்.

இன்று காலை முதல் நோயாளியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த நேரத்தில், பஸ் டிப்போவுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார்.

"டாக்டர், நம்ம டிரைவர் அண்ணனுக்கு சர்க்கரை மாத்திரை அனுப்பியிருந்தீங்களே, நேத்து சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போனார். வீட்டுப் பக்கத்துக் கடையில கைக்காசு போட்டு ஏற்கனவே ஒரு பெட்டி வாங்கிட்டேன், இதையும் சேத்துப் போடணுமான்னு கேட்டார். டாக்டர் அனுப்பியிருந்தா போடத்தான் வேணும்னு சொல்லிட்டேன். இப்ப என்னமோ மனசு உறுத்துது."

"நான் எங்க அனுப்பினேன்? கையில எழுதித்தானே குடுத்தேன்!"

"உங்க பேர்லதான் வந்திருக்கு டாக்டர்."

முன்னறைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்காரரின் முகம் வெளிறிப்போனது. நான் எழுதிய சீட்டுகளைப் போனில் படம் பிடித்துவைத்துக்கொண்டு, சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றியிருக்கிறார் மனுஷர். "கணக்குக் காட்டத்தான் ஏத்தினேன். கடைக்காரன் மருந்த எடுத்து வெச்சு, வந்து வாங்கிக்கோன்னு அவருக்கே தகவல் அனுப்புவான்னு நான் யோசிக்கலையே" என்றார்.

ஒரு பெட்டியில் கம்பெனி வைத்த பெயர், மற்றதில் மருந்தின் பொதுப் பெயர். நிறமும் வேறு. உள்ளே இருப்பது ஒரே மாத்திரை. அளவை நான் கூட்டி எழுதியதே இந்த வாரம்தான். இரண்டையும் போட்டால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டிக்கொண்டு வரும். அந்த டிரைவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம்.

டிரைவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டார், அவ்வளவு ஒழுங்கு.

"டிப்போவுக்குச் சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

"சொன்னா அவர ஸ்டியரிங்க விட்டு எறக்கிடுவாங்க. அப்புறம் மெடிக்கல் போர்டு, அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. அவர் பொழப்பு என்னாகும்?"

பாதி உண்மைதான் சொன்னேன். மீதிப் பாதி, என் பெயரும் சேர்ந்து சந்திக்கு வரும் என்ற பயம். அந்தப் பயத்தை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

"இந்த வாரம் நீங்க ஏத்தின அத்தன பேருக்கும் போன் பண்ணுங்க. ஒருத்தர விடாதீங்க" என்று கத்திவிட்டு ஆட்டோ பிடித்தேன். சிக்னலுக்குச் சிக்னல் நின்றோம். நான் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, முன்கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். "அப்படித் தள்ளினா வண்டி வேகமா போவாதும்மா" என்றார் ஆட்டோக்காரர்.

டிரைவரின் பஸ் வரவேண்டிய நிறுத்தத்தில் இறங்கினேன். எந்தெந்த பஸ்களோ வந்து போயின, அவருடையது மட்டும் வரவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், நடுத்தெரு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தூரத்தில் ஏதோ வண்டி சைரன் போட்டுக்கொண்டு போனது. அதற்குமேல் தாங்கவில்லை. டிப்போவைக் கூப்பிட்டு, அந்த வண்டியை உடனே நிறுத்துங்கள், டிரைவருக்கு மயக்கம் வரலாம் என்று சொல்லிவிட்டேன்.

போனைப் பையில் வைப்பதற்குள் தெருமுனையில் அவருடைய பஸ் திரும்பி வந்து நின்றது.

முன்படியில் தாவி ஏறினேன். டிரைவர் தெளிவாக உட்கார்ந்திருந்தார். "என்ன டாக்டரம்மா, நம்ம வண்டியில?" என்று சிரித்தார். அவர் விரலைப் பிடித்து ஊசியால் குத்தி, பையிலிருந்த மீட்டரில் சர்க்கரையைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"ரெண்டு மாத்திரையா போட்டீங்க?"

"காலையில ஒண்ணுதான் போட்டேன். ஒரே நேரத்துல ரெண்டு எதுக்குன்னு இன்னொண்ண மத்தியான சாப்பாட்டுக்கு வெச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

அப்போது டிப்போவின் ஜீப் பின்னால் வந்து நின்றது. மேற்பார்வையாளர் ஏறி, சாவியைக் கேட்டார். மாற்று டிரைவர் கீழே நின்றார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், மீட்டரைக் காட்டினேன். "அதெல்லாம் போர்டுல வந்து சொல்லுங்கம்மா. புகார்னு வந்துட்டா எறக்கித்தான் ஆகணும்" என்றார். கொஞ்சம் பொறுத்திருந்தால் இந்த அழைப்பே தேவைப்பட்டிருக்காது. அதைவிட, நானே கணினியில் அந்தப் பாழாய்ப்போன விசையைத் தட்டியிருந்தால் மருந்து ஒரு தடவைதான் போயிருக்கும்.

டிரைவர் தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்திருப்பான்" என்றது பின்னால் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். கீழே இறங்கிவிட்ட அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் குடிக்கல!" என்று கத்தினேன். "நான் அவரோட டாக்டர். ஒரே மருந்த ரெண்டு தடவ அவர் தலையில கட்டினது நான். அவர் ஒரு தப்பும் பண்ணல."

முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்திருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த டாக்டர் நீங்க? எங்க இருக்கு உங்க கிளினிக்?"

என் பெயரைச் சொன்னேன். தெருவையும் கதவு எண்ணையும் சொன்னேன். பின்வரிசையில் இருந்தவர்கள் கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.