முந்திக்கொண்டவர்

விறைத்துவிட்ட கை சட்டைக்குள் நுழையவில்லை. தையல்காரி கத்தரிக்கோலை எடுத்து, இஸ்திரி போட்ட அந்த வெள்ளைச் சட்டையை முதுகுப்பக்கம் மேலிருந்து கீழாக வெட்டினாள். முன்பக்கமாகக் கைகளில் மாட்டி, ஓரங்களைப் புருஷனின் உடம்புக்கு அடியில் செருகினாள். பார்க்கிறவர்களுக்கு முழுச் சட்டையாகவே தெரிந்தது.

"ஒரு ஹார்ன்கூட அடிக்காம போயிட்டாரேம்மா," என்றார் அவரோடு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த மனுஷன், அப்படியே டயரில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

வந்தவர்கள் அவளைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். நெஞ்சில் ஆபரேஷன் ஆனவள் அவள். முதலில் போவது அவள்தான் என்று எல்லாரும் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். அவளும்தான்.

அதனால்தான் யூனிஃபார்ம் தைத்துத் தைத்து வாங்கிய வீட்டைப் போன வருஷம் அவர் பேருக்கு மாற்றினாள். பிள்ளை இல்லை. தான் கண்ணை மூடியதும் தன் தம்பிகள் பங்கு கேட்டு வந்து அவரை வெளியே தள்ளிவிடக் கூடாதே என்று பயம்.

"சரிம்மா, சார் முந்திக்கிட்டா?" என்று பத்திரம் எழுதிய வக்கீல் அன்றைக்கே கேட்டார். "கிறிஸ்தவச் சட்டத்துல பிள்ளை இல்லன்னா பாதி அவர் கூடப்பிறந்தவங்களுக்குப் போயிடும். அவரும் உங்க பேருக்கு ஒரு உயில் எழுதிடட்டுமே."

"இவரா? தலைவலின்னு ஒரு நாள் படுத்ததில்ல சார்."

"ஸ்கூல் லீவு விடட்டும், எழுதிடலாம்," என்றார் புருஷன். லீவு விட்டது. வேனுக்குப் பெயிண்ட் அடித்தார்.

அடக்கம் முடிந்து திரும்பியதும், அவருடைய அண்ணன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப பேசக் கூடாதுதான். பேசாம விட்டா பின்னாடி மனஸ்தாபம். அவன் ஏதாச்சும் எழுதி வெச்சானா?"

"இல்ல அத்தான்."

"அப்ப எங்களுக்கும் பங்கு வருது."

"இது நான் தைச்சு வாங்கின வீடு."

"யாரு இல்லன்னா? வீடு அவன் பேர்லதானே இருக்கு." அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. "உன்னைத் தெருவுலயா விடுவோம்? நாங்க இங்க வந்துடறோம். நீ பின்னாடி ரூம்ல இருந்துக்கோ. உனக்கும் இன்னும் எத்தனை நாளைக்கு..."

"சும்மா இருங்க நீங்க," என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி, அவளுடைய ஓரகத்தி, அதட்டினாள்.

வாசலில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டீயாவது கொடுக்க வேண்டும். அவள் சுவரைப் பிடித்து எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

எல்லாரும் அடக்கத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஓரகத்தி அலமாரியைத் துடைத்து, டப்பாக்களைத் தன் வசதிக்கு மாற்றி அடுக்கியிருந்தாள். தையல்காரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, டீத்தூள் எங்க இருக்கு?"

"நீ போய் உக்காரு," என்றாள் ஓரகத்தி, திரும்பிப் பார்க்காமல். "ஆனதும் கூப்பிடறேன்."