போவதற்கு மட்டும் ஒரு சீட்டு

மரியரஞ்சனி எங்கே இருந்தாலும் மாலை ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு ஒஸ்லோவில் தன் வீட்டுக்குப் பக்கத்து வெஸ்ட்லி மெட்ரோ நிலையத்தின் வாங்கில் இருப்பார். 2013 செப்டெம்பரிலிருந்து இது ஒரு நாளும் தவறவில்லை. அந்த நேரத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் வாங்கின் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காரப் பழகிவிட்டார்கள். அவர் வரும்போது சத்தம் எதுவும் இருக்காது. போன இடத்தைப் பொறுத்துச் சப்பாத்தில் மண் இருக்கும், அல்லது பனி இருக்கும். கையில் பிடித்திருப்பது கூடவே வரும். முதல் நாள் டிராமன் நகரில் ஒரு ஞானஸ்நான விருந்தில் சொதி பரிமாறிக்கொண்டிருந்தவர், அகப்பையோடு வந்து இருந்தார். சொதி சிந்தவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதம் மகள் பிரியந்தினி, ஏரிக் என்ற நோர்வேஜியனோடு கலியாணம் கட்டாமலே குடும்பம் நடத்தப் போனாள். மரியரஞ்சனி வாசலில் நின்று, "இனி என்ர படி மிதிக்காதை" என்றார். அவள் இறங்கிப் போனதும் மடு மாதாவின் படத்துக்கு முன் முழந்தாளில் நின்று, மகள் அவனை விட்டு வரும்வரை இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் ஓர் இரவும் தங்குவதில்லை என்று நேர்த்தி வைத்தார். நேர்த்திக்கு மற்றவர்கள் மீன் சாப்பிடுவதை விடுவார்கள். வடக்கே பாட்ஸ்பியோர்டின் மீன் ஆலையில் எட்டு வருடம் மீன் வெட்டியதில் அவர் மீனை ஏற்கெனவே விட்டிருந்தார். விடுவதற்கு மிச்சம் இருந்தது பயணம்தான். மாதா அதைச் சொன்னபடியே ஏற்றுக்கொண்டார். இரவு என்பது மாலை ஆறு நான்கிலிருந்து காலை ஐந்து வரை என்ற கணக்கு மட்டும் மாதாவுடையது. காலை ஐந்து மணிக்கு முன் புறப்பட்டாலும் முதல் திருப்பத்திலேயே மரியரஞ்சனி வாங்குக்குத் திரும்பிவிடுவார். ஆகவே ஒரு நாளில் அவர் கையில் இருந்தது பதின்மூன்று மணி நேரமும் நான்கு நிமிடமும்.

பங்குத் தந்தை போலந்துக்காரர். இன்னொருவருடைய வாழ்க்கையை வைத்துச் செய்யும் நேர்த்தி செல்லாது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது ஆறு நான்கு ஆனது. மிச்சத்தை வெறும் நாற்காலிக்குச் சொன்னார். மன்னாரிலிருந்து வந்திருந்த சுவாமி, மடுவுக்கு வைத்த நேர்த்தியை மடுவுக்குப் போய்த்தான் இறக்க வேண்டும் என்றார். ஒஸ்லோவிலிருந்து இலங்கையில் இருக்கும் மடுவுக்கு ஒரே பகலில் போய்ச்சேர வழி இல்லை.

மரியரஞ்சனி பகல் பயணங்களைத் திட்டமிடத் தொடங்கினார். பள்ளிக்கூடத் துப்புரவு வேலை இல்லாத நாட்களில் நேர அட்டவணைகளை மேசையில் விரித்து, பதின்மூன்று மணி நேரத்துக்குள் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். ஃபின்செ மலைக்கு ரயிலில் நாலரை மணி நேரம். அங்கே ஜூன் மாதத்திலும் பனி கிடக்கும். புட்டுப் பார்சலை நிலையத்தின் உள்ளே வைத்துச் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. லில்லஹாமருக்குப் போகும்போது ஏரி தெரிய இடது பக்கம் இருக்க வேண்டும். எந்த நிலையத்தில் கழிப்பறை பூட்டியிருக்கும், எந்த பஸ் ரயிலுக்காகக் காத்து நிற்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. தமிழ்ச் சங்கம் அதை 'இலகுவான பகல் பயணங்கள்' என்று பன்னிரண்டு பக்கத்தில் அச்சடித்தது. மூன்று பதிப்பு வந்தது. 2015இல் சங்கத்தின் நாற்பது பேரை அவரே லில்லஹாமருக்குக் கூட்டிப்போனார். அன்று ஒரு தவறு நடந்தது. சங்கச் செயலாளர் லோறன்ஸ் ஆறரை மணிக்குத் தொலைபேசியில் கத்தினார்.

"அக்கா, எல்லாற்றை ரிற்றேர்ன் சீட்டும் உங்கட பையுக்கை. நாற்பது பேர் இஞ்சை குளிருக்கை நிக்கிறம்!"

"உன்னட்டைத் தரத்தானே தேடினனான். நீ சறுக்குமலையில போட்டோ எடுத்துக்கொண்டு நிண்டாய்."

"நீங்கள் இப்ப எங்கை?"

"வீட்டை. தேத்தண்ணி ஊத்திறன்."

"நல்லா ஊத்துங்கோ. போறதுக்கு மட்டும் சீட்டு எடுக்கிற ஒரே மனுசி நீங்கள்தான்."

அதன் பிறகு சீட்டுகள் லோறன்ஸிடம் இருந்தன. அடுத்த வருடம் ஹாமாரில் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த ஒரு பூனை மரியரஞ்சனியோடு வந்துவிட்டது. அது இரவு முழுவதும் கதவடியில் நின்று கத்தியது. காலையில் முதல் ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து ஆறு மணிக்குமேல் உயிருள்ள எதையும் தொடுவதில்லை.

பிரியந்தினி துரொண்ட்ஹெய்முக்கு அப்பால் ஒரு தீவில் ஆசிரியை வேலை எடுத்தாள். அங்கே பாலம் இல்லை. துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு படகு. அது மாலை ஆறு இருபதுக்குப் போய்ச்சேரும். விமானத்தில் போனாலும் காரில் போனாலும் கடைசியில் அந்தப் படகில்தான் ஏற வேண்டும். ஒரு பெண் பிள்ளை பிறந்திருப்பதாகவும் பெயர் சுன்னிவா என்றும் மரியரஞ்சனி மற்றவர்கள் மூலம் அறிந்தார். பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போகவில்லை, பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைத்துக்கொடுக்க ஆள் இல்லை என்று சனம் கதைத்தது. மகளுக்கு அவர் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் இல்லை. கடிதத்தில் மன்னிப்பை எழுதியிருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்து வாயால் சொன்னதை முகத்தைப் பார்த்து வாயால்தான் எடுக்க வேண்டும் என்று அவர் நம்பினார். அவருடைய தாயும் அப்படித்தான் நம்பியவர். சொல்ல வேண்டியிருந்தது இரண்டே சொல்: வீட்டை வா.

எட்டு வருடம் ஒவ்வொரு அட்டவணை மாற்றத்தையும் பார்த்தார். 2024 ஜூனில் படகு முன்னுக்குத் தள்ளப்பட்டது. துரொண்ட்ஹெய்மில் ரயிலிலிருந்து இறங்கிப் படகுக்குப் போக இருபது நிமிடம் இருந்தது. தீவில் ஐந்து ஐம்பத்தொன்று. எதுவும் பிந்தாவிட்டால் பதின்மூன்று நிமிடம். வரும் திகதியையும் நேரத்தையும் மட்டும் ஓர் அட்டையில் எழுதி அனுப்பினார்.

எதுவும் பிந்தவில்லை. பிரியந்தினி இறங்குதுறையில் நின்றாள். ஐந்து வயதுப் பிள்ளை அவளுக்குப் பின்னால் நின்றது.

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள் பிரியந்தினி.

"பதின்மூண்டு நிமிசம். கயிறு கட்ட அதில ரண்டு போயிட்டுது."

காணாமல் போகிற அம்மம்மா இவவா என்று பிள்ளை நோர்வேஜியனில் கேட்டது. மரியரஞ்சனி பயற்றம் பணியாரப் பெட்டியைத் திறந்து நீட்டினார். பிள்ளை ஒன்றை எடுத்து மணந்து பார்த்து, சட்டைப் பையில் வைத்தது.

"ஏன் பிள்ளை, இவ்வளவு தூரத்தில வந்து கிடக்கிறாய்?" என்று மகளைக் கேட்டார்.

"படகு ஆறு இருவதுக்குத்தான் வரும் எண்டு பாத்துத்தான் இந்த வேலையை எடுத்தனான், அம்மா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காற்று பலமாக இருந்ததால் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். மரியரஞ்சனி ரயிலில் ஆறேமுக்கால் மணி நேரம் அந்த இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர். இப்போது வாயைத் திறந்தார்.

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சோ?"

"இதைக் கேக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லை. கேட்டனான், அவ்வளவுதான்."

"குடுக்கேல்லை. ஏரிக்கும் நானும் இன்னும் கட்டேல்லை. அவன் நல்லா இருக்கிறான். வேற என்ன?"

நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. பிரியந்தினி பார்வையைக் கடலில் வைத்திருந்தாள். அவளுடைய தலைமயிரில் நரை தொடங்கியிருந்தது. மரியரஞ்சனி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை தாயின் பின்னாலிருந்து வந்து, துறையின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் காட்டுவதற்காக அவருடைய கையைப் பிடித்து இழுத்தது. சின்னக் கை, குளிர்ந்திருந்தது. விரலை இறுக்கிப் பிடித்திருந்தது. காத்திருப்பு அறையின் சுவரில் இருந்த மணிக்கூடு ஆறு மூன்று காட்டியது.

அவர் கையை உதறினார். பிள்ளை விடவில்லை. இன்னொரு தரம் பலமாக உதறினார். பிள்ளை பலகையில் குண்டி அடிபட விழுந்து அழுதது. பிரியந்தினி திரும்பிப் பார்த்தாள். முதலில் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு, தன் கையை நெஞ்சோடு ஒளித்துக்கொண்டு நின்ற தாயைப் பார்த்தாள். "தொடக்கூட ஏலாதோ உங்களுக்கு?" என்றாள். மரியரஞ்சனி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது எதிரே வெஸ்ட்லியின் தண்டவாளம் இருந்தது. பணியாரப் பெட்டி மற்றக் கையில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் ஒதுங்கி இடம் விட்டார்.

அன்றிரவு பதினேழு தரம் அழைத்தார். மறுநாள் கடிதம் எழுதினார். கையில் பிடித்தது கூட வரும் என்பதையும், பூனை இரவெல்லாம் கத்தியதையும், தாய் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு பிள்ளையைக் கொண்டுபோகத் தனக்கு மனம் வரவில்லை என்பதையும் எழுதினார். வீட்டை வா என்பதை எழுதவில்லை. அது வாயால் சொல்ல வேண்டியது. மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"விளங்குது அம்மா. நீங்கள் அவளின்ர கையை உதறாட்டி, பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக நான் அடுத்த நாளே உங்கட வீட்டை வந்திருப்பன்."

மரியரஞ்சனி அதை வாசித்துவிட்டு அடுப்பில் இருந்ததை இறக்கினார். ஓகஸ்டில் புதிய அட்டவணை வந்தது. படகு மறுபடியும் ஆறு இருபது. நான்காம் பதிப்புக்கு லோறன்ஸ் புதிய இடங்கள் கேட்டார். அவர் ஐந்து இடம் எழுதிக் கொடுத்தார். ஒக்டோபரில் சங்கம் ஃபின்செக்குப் போகிறது. பெயர்ப் பட்டியலில் போகும்போது முப்பத்திரண்டு பேர் என்றும், வரும்போது முப்பத்தொரு பேர் என்றும் போட்டிருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.