காளான் தின்ற மறுநாள்

1

இதை எழுதக் காரணமானவை எனக்கு எதிரே, சமையலறை மேஜையில், விரித்த செய்தித்தாளின் மேல் கிடக்கின்றன. காலையில் நானே பறித்துவந்த காளான்கள். சமைக்கவும் கை வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. சும்மா உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியதால் காகிதத்தை எடுத்தேன். எழுதிக்கொண்டிருப்பவனைப் பார்த்து வெட்டியாக உட்கார்ந்திருக்கிறான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். [சொல்வார்கள். என் மனைவி சொல்வாள். சொல்லியிருப்பாள்.]

நான் எழுத்தாளன் அல்ல. ஓர் அச்சகத்தின் பின்னறையில் மெய்ப்புத் திருத்தியவன். அடுத்தவர் வரிகளில் விட்டுப்போன புள்ளிகளை வைத்தே ஆயுளை ஓட்டியாயிற்று. சொந்தமாக எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மனைவி காளான் தின்று இறக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நின்றார்கள். நுரையீரல். போன மழைக்காலம். அவ்வளவுதான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மழை விட்ட காலையில் அந்த முதியவர் தன் தனிமையைத் தோளில் —"

முதியவர் யார்? நான்தானே. அடித்தாயிற்று.

"இயற்கையின் மடியில் ஆறுதல் தேடும் மனம் —"

இதே வரியை எத்தனையோ பேருக்கு ஒற்று போட்டுத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். நான் போய்வந்த இடத்தில் மடி எதுவும் தென்படவில்லை. சேறு இருந்தது, எறும்பு இருந்தது.

"அவள் மண்ணின் மொழி அறிந்தவள் —"

இதைப் படித்தால் சிரித்தே அவளுக்கு இருமல் வந்துவிடும். அவள் பல் செட் செய்பவள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2 (மறுபடியும்)

பல் மருத்துவமனையின் மாடியில் அவள் வேலை பார்த்த அறை இருந்தது. அலமாரி நிறைய வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவளுக்குத் தெரியும், முகம் தெரியாது. பேருந்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், "மேல்வரிசை நம்மளுது" என்று என் காதில் சொல்வாள்.

பிளாஸ்டரை ராவும் தூசி நெஞ்சில் சேர்கிறது, காற்றாட நடங்கள் என்று டாக்டர் சொன்னார். மூடிக்கிடந்த காகித ஆலைக்குப் பின்னால் மரங்கள் கேட்பாரில்லாமல் வளர்ந்த ஓர் இடம் உண்டு. அங்கே நடக்கத் தொடங்கினோம். நான் போகிற வழியில் பெயர்ப்பலகைகளில் பிழை பார்ப்பேன். அவள் தரையைப் பார்ப்பாள். முதலில் புளியாரை கிடைத்தது. பிறகு சுவரோரத்துப் பருப்புக்கீரை. பிறகு முள்ளுக்குள் கைவிட்டு, கீறிக்கொண்டு, எடுத்துத் தின்னும் கறுப்புப் பழங்கள். கடைசியில் காளான்.

காளானை அவள் முதல் சில வருடங்கள் பார்த்தாளே தவிர, தொடவில்லை. நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்தாள். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற நீளக் காம்புக் கண்ணாடி ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கும். காளானைப் பறிக்காமல் அதைக் குடைக்கு அடியில் விட்டு, மடிப்புகளின் நிறத்தைப் பார்ப்பாள். "ஆ காட்டு" என்பாள் காளானிடம். வீட்டில் ஒரு குடையைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து மூடிவைத்தால், சில மணி நேரத்தில் அதன் தூள் உதிர்ந்து மடிப்பு மடிப்பாக ஓர் அச்சு விழும். அதைப் பார்த்த அன்றுதான் எனக்கும் காளான் மேல் மரியாதை வந்தது. அச்சுக்கோப்பவரும் இல்லை, இயந்திரமும் இல்லை, பிழையும் இல்லை.

[பின்னால் சேர்த்தது: இந்தப் பகுதியைப் படித்த என் மகள், "அம்மாவ ரொம்ப நல்லவளா எழுதறீங்க, யாரோ மாதிரி இருக்கு" என்றாள். சரி. கோபம் வந்தால் என் மனைவி இரண்டு நாள் பேச மாட்டாள். என் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைப்பாள். நான் கெஞ்சும்வரை தானும் சேர்ந்து தேடுவாள்.]

3

இப்போது விதியைச் சொல்ல வேண்டும். விதி இல்லாவிட்டால் இந்தக் கதை இல்லை.

அது அச்சகத்திலிருந்து நான் கொண்டுவந்தது. அங்கே ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தவறிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. காளானுக்கும் அதையே வைத்தேன். யார் கண்டெடுத்தாரோ அவர் முதலில் சாப்பிட வேண்டும். மற்றவர் மறுநாள் சாயங்காலம்வரை அதைத் தொடக் கூடாது. ஆபத்து வந்தால் வண்டி பிடிக்க வீட்டில் ஒருவர் தெம்போடு இருக்க வேண்டும்.

(இது விஞ்ஞானம் அல்ல. சில நஞ்சுகள் அதற்கும் பிறகே வேலையைக் காட்டும் என்று அவளே புத்தகத்தைத் திறந்து வாசித்துக் காட்டினாள். என் விதியை நம்பி யாரும் எதையும் வாயில் போட்டுவிடாதீர்கள்.)

அந்த மறுநாட்களுக்காக இரண்டு பேரும் விடுப்பு எடுப்போம். பெரும்பாலும் கண்டெடுப்பவள் அவள்தான். அன்று அவள் மகாராணி. கட்டிலை விட்டு இறங்க மாட்டாள். தலையணை கேட்பாள், தேநீர் கேட்பாள், செய்தித்தாளை வாசிக்கச் சொல்வாள். "பிழை சார், என் கண்ணுல ஏதாவது மாறித் தெரியுதா?" என்று இமையை இழுத்துக் காட்டுவாள். ஒருமுறை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்தாள். நான் செருப்பில்லாமல் தெருமுனைவரை ஓடி ஒரு வண்டியை மறித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் நின்று கையசைக்கிறாள். வண்டிக்காரருக்கு நான் சொன்ன சமாதானத்தை இங்கே எழுத முடியாது.

எப்போதாவது கண்டெடுப்பவன் நானாக இருப்பேன். அந்த நாட்களில் அவள் வேறு ஆள். பேச்சு குறைந்துவிடும். அலமாரியை ஒழுங்குபடுத்துவாள், இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போடுவாள். போகும்போதும் வரும்போதும் என்னை ஒரு பார்வை. பயத்தை மறைக்கிறாள் என்று நினைத்து உள்ளூர எனக்குப் பெருமையாக இருக்கும். ஒரு முழு நாள் ஒருத்தி என் முகத்தையே கவனித்துக்கொண்டிருப்பது கல்யாணத்தன்றுகூட நடக்கவில்லை.

நான் சாப்பிட்டேன்; அவள் காத்திருந்தாள்.

[இந்த வரியை நீக்கியிருக்க வேண்டும். ஏன் என்பது ஆறாம் பகுதியில் வரும். நான் நம்பியதை நீங்களும் கொஞ்ச நேரம் நம்ப வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.]

4

அவள் போன பிறகு நான் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் ஆனேன். மணி ஆனால் ரொட்டி. மணி ஆனால் மாத்திரை. பசி என்பது பல மாதங்களாக இல்லை. அது இல்லாததும் தெரியவில்லை.

இன்று காலை ரொட்டி வாங்கக் கிளம்பினேன். குடை உடைந்திருந்ததால் ஆணியில் தொங்கிய அவளுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன். கை முழங்கையோடு நின்றது. கடை திறக்கவில்லை. திரும்பியிருக்கலாம். கால் ஆலைப் பக்கம் போயிற்று.

வேலியின் ஓட்டை அப்படியே இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்துகிடக்கும் மரமும் அப்படியே. மழை விட்ட மண்ணின் வாசனையை விவரிக்க மூன்று வரி எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். உங்களுக்கே தெரியும் அது. மரத்தின் அடிப்பக்கம் வரிசையாக, இடித்துத் தள்ளிக்கொண்டு, பழுப்புக் குடைகள். அதே மரம், அதே இடம், நாங்கள் வருடா வருடம் பறித்த அதே வகை. சேற்றில் மண்டியிட்டேன். கோட்டுப் பைக்குள் கையை விட்டால் அவளுடைய நீளக் காம்புக் கண்ணாடி இருந்தது.

"ஆ காட்டு" என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணாடியைக் குடைக்கு அடியில் விட்டு மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வாயில் எச்சில் ஊறிவிட்டது. முதலில் அது என்னவென்று புரியவில்லை. வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள், சட்டியில் காளான் விடும் தண்ணீர், அது வற்றும்போது வரும் மணம் எல்லாம் வரிசையாக வந்தன. எனக்குப் பசித்தது. சேற்றில் மண்டியிட்டபடி, பெண்கள் மழைக்கோட்டில், அறுபது தாண்டிய ஒருவன் பசியால் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு குடையைக் காகிதத்தில் கவிழ்த்தேன். அச்சு விழுந்தது. இருக்க வேண்டிய அடர்பழுப்பு நிறமே.

ஆக, எனக்குச் சந்தேகம் காளான் மேல் இல்லை. கண்டெடுத்தவன் நான், முதலில் சாப்பிட வேண்டியவனும் நான். காத்திருக்க ஆள் இல்லை.

5

மகளுக்குப் போன் செய்தேன். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் "யார் சொன்னது?" என்று விசாரணை வைத்ததால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நீதிபதி. நகரத்தின் மறுகோடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். காளானைத் தொடவே மாட்டாள், வாசனை பிடிக்காது என்பாள். படம் அனுப்பச் சொன்னாள். தனக்குத் தெரிந்த ஒரு தாவரவியல் ஆசிரியையிடம் காட்டினாள். பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது, படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை எனக்குச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, நேராவே கேக்கறேன். சாகணும்னு நெனச்சு பறிச்சீங்களா?"

"பசிச்சுது" என்றேன்.

"தொடாதீங்க. வர்றேன்."

அவள் பேருந்தில் வந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் மேலே உள்ளதெல்லாம் எழுதினேன். கதைக்கு முடிவுகளையும் யோசித்தேன்.

முடிவு அ: மகள் வருவதற்குள் அவர் காளான்களைக் குப்பையில் போட்டுவிடுகிறார். விவேகமான முடிவு. ஆனால் மறுபடியும் கடிகாரம் பார்த்து ரொட்டி.

முடிவு ஆ: மகள் வருவதற்குள் சாப்பிட்டுவிடுகிறார். அவளைக் காத்திருக்க வைக்கிறார். எனக்குப் பிடித்திருந்த முடிவு இதுதான். என்னை ஒருத்தி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலையணை கேட்கலாம்.

முடிவு இ: பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார —

அழைப்பு மணி அடித்தது.

6

வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, நேராக மேஜைக்குப் போனாள். காளான்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த தாள்களை எடுத்தாள். தடுக்கவில்லை. நின்றுகொண்டே படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள், செருப்பில்லாமல் ஓடிய இடமாக இருக்க வேண்டும். அம்மாவை நல்லவளாக்கிவிட்டதாகச் சொன்னது அப்போதுதான். பிறகு மூன்றாம் பகுதியின் கடைசியில் நின்றுவிட்டாள். என் சிவப்புப் பேனாவை எடுத்து, சின்ன வயதில் நான் கற்றுக்கொடுத்த நீக்கல் குறியை 'காத்திருந்தாள்' என்ற சொல்லின் மேல் போட்டாள். வாலைச் சுழித்து, சரியாகவே போட்டாள்.

"அம்மா காத்திருக்கல."

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"நீங்க கண்டுபிடிச்ச நாள்லயும் அவதான் முதல்ல சாப்பிட்டா. அடுப்புகிட்ட நின்னு, சட்டியிலேர்ந்தே எடுத்து. அப்புறந்தான் உங்களுக்குத் தட்டுல வந்துது."

ருசி பார்த்திருப்பாள் என்றேன்.

"ருசி பாக்க அரைச் சட்டி வேணுமா?" என்றவள் என் நாற்காலியைக் காட்டினாள். அது எப்போதும் ஜன்னலைப் பார்த்திருக்கும், அடுப்புக்கு முதுகு காட்டி. "நான் கீழ உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டிருப்பேன். எனக்குத் தெரியும். ஒரு தடவ கேட்டுட்டேன். 'அப்பாகிட்ட சொல்லாத, அவருக்கு ரூல் முக்கியம்'னா. ஏம்மான்னேன். 'உக்காந்து பாத்துட்டே இருக்க என்னால ஆகாதுடி'ன்னா."

நான் உட்கார்ந்துவிட்டேன். நஞ்சு உடனே வேலை செய்யாது என்பது என் மனைவிக்குத் தெரியும். புத்தகத்தைக் காட்டியவளே அவள்தான். ஆகவே அவள் எனக்காகச் சோதித்துப் பார்க்கவில்லை. நான் போனால் பின்னால் தங்கிவிடக் கூடாது என்று தின்றிருக்கிறாள். அன்றைக்கு அலமாரியை ஒழுங்குபடுத்தியதையும், இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டதையும் இப்போது வேறு மாதிரி படிக்கிறேன்.

இதையெல்லாம் ஒரு பெரிய காதலாக எழுதத் தொடங்கினேன். "இப்படியும் ஒருத்தி —" என்று வரி ஓடியது. மகள் எட்டிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. எனக்கு அப்ப எட்டு வயசு."

பேனா நின்றது.

"நீங்க தூங்கிடுவீங்க. அவளும் தூங்கிடுவா. நான் வந்து ரெண்டு பேர் மூக்குகிட்டயும் கைய வெச்சுப் பாப்பேன். காலைல ஸ்கூல்ல போய்த் தூங்குவேன். இந்த வீட்டுல காத்திருந்தது நான்தாம்ப்பா."

குரல் ஏறவே இல்லை. வாசனை பிடிக்காது என்று அவள் இத்தனை வருடம் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் நம்பியிருக்கிறோம்.

பிறகு அவள் கை கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்: "பசிக்குதுன்னு நீங்க சொன்னதக் கேட்டதும் பஸ்ல அழுதுட்டேன், தெரியுமா. அதனால எறியச் சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு தடவ காத்திருக்கவும் மாட்டேன். ரெண்டு தட்டு வெக்கறேன். சாப்பிட்டா ரெண்டு பேரும். இல்லன்னா குப்ப. நீங்க சொல்லுங்க."

7

முடிவு ஆ-வை அடித்துவிட்டேன். அ-வும் இப்போது பழைய அ இல்லை.

எனக்கு மட்டும் என்றிருந்தபோது என் நிச்சயம் போதுமானதாக இருந்தது. அதே காளான், அதே மரம், அதே அடர்பழுப்பு அச்சு. ஒன்றும் மாறவில்லை. ஆனால் எதிரில் இரண்டாவது தட்டு வந்ததும் ஒவ்வொன்றையும் மறுபடி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றில்கூடக் குறை தெரியவில்லை. இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. பறித்து நேரமானதால் சிலவற்றின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கிவிட்டன, இவை நாளைவரை தாங்கா.

வாசகரே, முடிவை உங்களிடம் விடுகிறேன். தப்பித்துக்கொள்வதாக நினைக்க வேண்டாம், ஒரு நிபந்தனையோடுதான் விடுகிறேன். அந்த இரண்டாவது தட்டின் முன்னால் உங்கள் வீட்டு ஆள் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள். யாரை உட்காரவைத்தீர்கள் என்பதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். வெண்ணெய் இருக்கிறதா என்று கேட்கிறாள். இருக்கிறது என்கிறேன். என் நாற்காலியை அடுப்பைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். சட்டி காய்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள்.

"எழுதினது போதும்ப்பா. சொல்லுங்க."