E -4 என்றால் என்ன

தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியின் முகப்பில் வழக்கமாக வெப்பநிலைதான் தெரியும். அன்று மதியம் அங்கே E -4 என்று மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. நர்ஸ் பிளக்கை அழுத்திப் பார்த்தாள்; அது சரியாகத்தான் இருந்தது. உள்ளே இருப்பது மறுநாள் காலை நாற்பது குழந்தைகளுக்குப் போட வேண்டிய மருந்து. குளிர் தவறியிருந்தால் அத்தனையும் குப்பைக்குத்தான். கதவைத் திறந்து பார்க்கவும் பயம். இருக்கிற கொஞ்சநஞ்சக் குளிரும் போய்விட்டால்?

கம்பெனிக்காரர்கள் போனை எடுக்கிற வழியாக இல்லை. கணினியில் பெட்டியின் பெயரைப் போட்டு, பக்கத்தில் E -4 என்று தட்டினாள். மருந்துச் சீட்டில் உள்ளதை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிப் பழகிய கை அல்லவா, இடைவெளியும் கோடும் அப்படியே விழுந்தன. E -1 வந்தது, E -2 வந்தது, ஐஸ்கிரீம் பெட்டி விளம்பரம்கூட வந்தது. நாலு மட்டும் கண்ணில் படவே இல்லை. ஒரு மணி நேரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, பெற்றோர் பட்டியலை எடுத்தாள். "நாளைக்கு வராதீங்க" என்று சொல்ல முதல் எண்ணை அழைத்தாள். நல்லவேளை, அந்த அம்மா எடுக்கவில்லை.

அடுத்து நாத்தனாரை அழைத்து, தான் தட்டியதைச் சொன்னாள். நாத்தனாருக்கு நூலகத்தில் வேலை. தேடுவதில் கில்லாடி, அதைச் சொல்லிக் காட்டுவதில் அதைவிடக் கில்லாடி.

"அண்ணி, கணினியில தேடும்போது எதுக்கு முன்னாடி கோடு ஒட்டி வருதோ, அது வேண்டாம்னு அர்த்தம். நாலு வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டு, நாலு எங்கேன்னு தேடுறீங்களே!"

"அடிப்பாவி! பெட்டியில இருக்கிறபடிதானே போட்டேன்?"

"அதை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க, அப்படியே தேடும். கடைசியில filetype:pdf சேருங்க, pdf கோப்பு மட்டும் வரும்; கம்பெனிக் கையேடு அப்படித்தான் இருக்கும்."

போட்டாள். முதலில் வந்ததே அந்தப் பெட்டியின் கையேடுதான். E -4 என்றால் முகப்புத் திரைக்குப் போகும் கம்பி தளர்ந்திருக்கிறது, குளிர் குறையாது, உள்ளே இருக்கும் தனி வெப்பமானியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம் என்றிருந்தது.

கதவை லேசாகத் திறந்தாள். வெப்பமானியில் நாலு டிகிரி; எட்டு வரைக்கும் மருந்துக்குப் பாதகமில்லை. காலையிலிருந்து ஐந்தைத் தாண்டவே இல்லை என்றும் அதிலிருந்த பதிவு காட்டியது. கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

போன் அடித்தது. அந்த அம்மாதான்.

"கூப்பிட்டிருந்தீங்களா சிஸ்டர்? பாப்பா தூங்கிட்டு இருந்தா, எடுக்க முடியலை."

"ஒண்ணுமில்லைம்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில மறக்காம வந்துடுங்க."